லக்கலக் காட்டில் துணி கட்டியவள்

என் புவனா அக்காவுக்கு,

உங்களை இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் எத்தனை நாள் உரிமை இருக்கும் என்று தெரியவில்லை. அதனால் முதல் வரியிலேயே ஆசை தீரக் கூப்பிட்டுக்கொள்கிறேன். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு மாத்தளையில் வாய்த்த ஒரே அக்கா நீங்கள்.

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்து மூன்று நாள். உங்கள் தம்பி குகன் கொழும்பிலிருந்து நினைவு மலரின் மாதிரிப் பிரதியை அனுப்பியிருக்கிறார். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்க வேண்டுமாம். அட்டையில் பச்சைச் சேலைப் படத்தைப் போட்டிருக்கிறார். அதில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அக்காவுக்குப் பிடிக்காது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. உங்கள் வீட்டு ஆட்கள் என்றைக்கு யார் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள்?

மூன்றாம் பக்கத்தில் அவர் எழுதிய பந்தி ஒன்று இருக்கிறது. 'லக்கலக் காட்டில் மரங்களில் துணி கட்டி வைத்த ஒரு விளையாட்டுத்தனத்தினால் அக்கா ஒன்பது மாதம் சிறையில் இருக்க நேர்ந்தது. அவர் செய்த அந்த ஒரு பிழை அவரது வாழ்க்கையையே மாற்றிவிட்டது.' கடைசிப் பக்கத்தில் உறவினர் பெயர்கள். அன்புச் சகோதரர் என்று தன் பெயர். அதற்குக் கீழே, அன்புச் சகோதரி என்று என் பெயர். யாரும் கேட்காமலே அவராகப் போட்டது.

நடுவில் எனக்காக இரண்டு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார். நேற்று டெலிபோனில் சொன்னார்: "ராணி அக்கா, நீங்கள்தானே அவவோட கனகாலம் இருந்தனீங்கள். அந்தக் காட்டுக் கதையையும் எழுதுங்கோ. அக்கா ஏன் உந்த விசர் வேலை பார்த்தவ எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த விசர் வேலையை, அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தது நான். அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தோம். அந்த நேரம் நான் மட்டும் மிச்சம். வாயை மூடிக்கொண்டால் எல்லாம் அப்படியே போய்விடும், உங்கள் பெயரில் அந்தப் பிழை அச்சில் ஏறும், நான் கடைசிப் பக்கத்தில் அன்புச் சகோதரியாக உட்கார்ந்திருப்பேன். பதின்மூன்று வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். நமக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், இது அவர்களுக்காக.

*

நான் எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். நீங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர். ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் விஞ்ஞானம், நான் சின்ன வகுப்பு. முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஒரே அறை. வந்த புதிதில் என் தமிழைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள், உங்கள் தமிழைக் கேட்டு நான் சிரித்தேன். யார் அதிகம் சிரித்தது என்பது கடைசி வரைக்கும் தீராத வழக்கு.

உங்களுக்கு மாத்தளை பிடிக்கவே இல்லை. வந்த முதல் மாதமே சொன்னீர்கள்: "இஞ்ச உடுப்பும் காயாது, மனுசரும் காயமாட்டினம்." சண்டையால் ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. அம்மாவின் கடிதம் செஞ்சிலுவைக் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். வெயிலுக்கும் மணலுக்கும் நீங்கள் ஏங்கினீர்கள். மழை பெய்யும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, பாலை மரத்தைப் பற்றி எனக்கு வகுப்பு எடுப்பீர்கள்.

நீங்கள் வந்த நாலாம் வருஷம் ஆகஸ்ட் விடுமுறையில் சுனேத்திரா மிஸ் நம்மைக் கூப்பிட்டார். நம் பள்ளியில் சிங்களம் படிப்பித்தவர், லக்கலக்காரி. "வாங்கோ புவனா மிஸ். எங்க ஊர்ல தண்ணி இல்லை, மழை இல்லை, உங்களுக்குச் சரி வரும். பஸ்ல இறங்கி மூணு மைல்தான். ஏத்தம் இறக்கம் ஒண்ணும் இல்லை. நான் குளக்கட்டுக்கு வந்து நிக்கிறேன்."

எனக்குப் போக மனமில்லை. லக்கலையைத் தாண்டிப் போனால் மகாவலி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிராமங்களில் இரவில் புகுந்து ஆட்களைக் கொன்றதையெல்லாம் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த காலம்.

"அக்கா, இந்தக் காலத்துல காட்டுப் பக்கம் யாராச்சும் சும்மா நடக்கப் போவாங்களா? கேட்டா என்னன்னு சொல்றது?"

"நடக்க வந்தனாங்கள் எண்டு சொல்லும். நடக்கிறதுக்கும் பாஸ் எடுக்கோணுமோ?"

நீங்கள் அப்படிக் கேட்டபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் அதற்கு மேல் பேசவில்லை. அதற்காகவும் என்னை நொந்துகொண்டதுண்டு.

காலை ஆறு மணி பஸ். தமிழ் ஆள் என்று தெரியாமலிருக்க நீங்கள் பொட்டை அழித்துவிட்டு வந்தீர்கள். அடையாள அட்டை சட்டைக்குள். பஸ் ஏறினால் நீங்கள் வாயே திறக்கக்கூடாது என்பது நமக்குள் பழகிப்போன ஏற்பாடு. சந்தையிலும் தபால் கந்தோரிலும் செக்பாயிண்டிலும் உங்களுக்கும் சேர்த்து நான்தான் சிங்களம் பேசுவேன். உங்கள் சிங்களம் மூன்று சொல்லைத் தாண்டாது, அதிலும் இரண்டு தப்பாக இருக்கும். நான் டவுனிலேயே வளர்ந்தவள் மாதிரி பொளந்து கட்டுவேன். "என்ர நாக்கு உம்மட வாய்க்குள்ள கிடக்கு, கவனமா வச்சிரும்" என்று நீங்கள் பகிடியாகச் சொல்வீர்கள். வாசிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். என் குற்றத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

றத்தோட்டை தாண்டி மலை உச்சியில் காற்று பஸ்ஸையே தள்ளியது. வெளியே ஒரே பனிமூட்டம். அங்கே ஒரு செக்பாயிண்ட். ஆமிக்காரன் உங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். நான் முந்திக்கொண்டு, இவர் எங்கள் சயன்ஸ் மிஸ், சுனேத்திரா மிஸ் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போகிறோம், அவங்க அப்பா இன்னார் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவன் சிரித்துவிட்டான். அட்டை திரும்பி வந்தது. பஸ் நகர்ந்த பிறகு நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். 

அப்புறம் பஸ் இறங்க இறங்க எல்லாமே மாறியது. ஈரம் போனது, பச்சை வெளுத்தது, இல்லுக்கும்புரைக்குக் கீழே வெயில் ஜன்னலுக்குள் வந்து மடியில் விழுந்தது. நீங்கள் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டீர்கள். ஒன்பதரைக்கு இறங்கினோம். திரும்பிப் போகக் கடைசி பஸ் மூன்று மணிக்கு.

*

லேசான நடைதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மாட்டுவண்டித் தடம், சிவப்பு மணல், இரண்டு பக்கமும் முள்ளுப் பற்றை, இடையிடையே காட்டை வெட்டிப் பயிரிட்டுக் காய்ந்துபோன சேனை. ஆள் நடமாட்டம் இல்லை. நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தீர்கள். ஒவ்வொரு மரமாகப் பேர் சொன்னீர்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் விசாரிக்கிற மாதிரி.

ஒரு பாலை மரத்தில் கடைசிப் பழங்கள் இருந்தன. நான் அதுவரை அதைத் தின்றதில்லை. பால் ஒட்டி உதடு இரண்டும் பிரியவில்லை. நீங்கள் சிரித்த சிரிப்பில் காட்டுக்குள் ஏதோ பறவை எழுந்து பறந்தது. "சத்தம் போடாதீங்கக்கா" என்றேன். அது நாம் தமிழில் சிரித்துவிட்டோமே என்ற பயம். சிரிப்புக்கும் பாஷை உண்டா என்று நீங்கள் கேட்டீர்கள். 

கொப்பியை எடுத்து நீங்கள் மரங்களைக் குறித்தீர்கள். எந்த மரம் தடத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி என்று கோடு போட்டுப் படமும் வரைந்தீர்கள். பத்தாம் வகுப்புக்குக் காட்ட வேண்டும் என்றீர்கள். அந்தப் படம் வேறு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நாம் இரண்டு பேரும் நினைக்கவில்லை. படித்தவர்கள் என்று பேர்.

தடம் இரண்டாகப் பிரிந்தது. கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் பிரிந்தது. எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. நான் மலையில் வளர்ந்தவள் அக்கா. எங்கள் ஊரில் தொலைந்துபோகவே முடியாது. மேலே பார்த்தால் ஃபேக்டரி, கீழே பார்த்தால் லயம், நடுவில் ரோட்டு. இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மட்டம், ஒரே முள்ளு, ஒரே வெயில். பாதையோரத்தில் யானை லத்தி வேறு ஈரம் காயாமல் கிடந்தது. மூன்று மணி பஸ்ஸை விட்டால் என்ன செய்வோம் என்ற யோசனையும் வந்துவிட்டது.

தோட்டத்தில் நாங்கள் விறகுக்குக் காட்டுக்குள் போகும்போது, முன்னால் போகிறவள் பழைய சேலையைக் கிழித்து வழி நெடுக மரத்தில் கட்டிக்கொண்டே போவாள். திரும்பும்போது அவிழ்த்துக்கொண்டே வருவோம். அம்மா கட்டினாள், நானும் கட்டியிருக்கிறேன். எங்களுக்கு அது கைப்பழக்கம். மிஸ் வீட்டுக்குக் கொண்டுபோன பலகாரப் பொதியைச் சுற்றியிருந்த பூப்போட்ட சீத்தைத் துணியின் ஓரத்தைக் கிழித்து, தடம் பிரியும் இடத்தில் ஒரு கொப்பில் கட்டினேன்.

"என்ன ராணி, நேர்த்திக்கடனோ? பிள்ளை வரம் கேக்கிறீரோ?"

"நீங்க சும்மா வாங்கக்கா. திரும்பி வர்றப்ப வழி தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரியும் வழி. இது எங்கட காடு மாதிரித்தான்."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே."

நீங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டீர்கள். நான் கட்டிக்கொண்டே வந்தேன். அங்கிருந்து கிராமத்தின் குளம் வரைக்கும், பிரிகிற ஒவ்வொரு இடத்திலும், சரியான வழியைக் காட்டி, கண்ணில் படுகிற உயரத்தில். பதினோரு துண்டு. கடைசித் துண்டைக் கட்டிவிட்டு, கை வலிக்கிறது என்று பொதியை உங்களிடம் கொடுத்தேன். கிழிந்த துணியோடு அது உங்கள் கைக்குப் போனது அப்படித்தான்.

*

குளக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. சுனேத்திரா மிஸ் எங்கே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சிங்களத்தில் ஒரு குரல், நில்லுங்கள் என்று.

இரண்டு ஆண்கள். ஐம்பதைத் தொட்டவர்கள். ஒருவர் காக்கிக் கால்சட்டை, கையில் வேட்டைத் துவக்கு. மற்றவர் சாரம், தோளில் கோடாலி. ஊர்காவல் படை. துவக்குக்காரர் நம்மைப் பார்த்துத் துவக்கை நீட்டவில்லை. அதை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, மூடியிருந்த இடது கையை என் முகத்துக்கு நேரே திறந்தார். உள்ளே சீத்தைத் துண்டுகள். முதல் துண்டிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே நம் பின்னால் வந்திருக்கிறார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகக் கேட்டார்: "எங்க வீட்டுப் பொம்பளைங்க புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ராவானா காட்டுலதான் படுக்கிறாங்க. வீட்டுல படுத்து ரெண்டு மாசம் ஆச்சு. மெயின் ரோட்டுப் பக்கம் இருந்து எங்க ஊரு வரைக்கும் வழி காட்டி வச்சிருக்கீங்க. யாருக்கு?"

யாருக்கு என்று கேட்டபோது அவர் உதடு துடித்தது. அந்த மனிதரை நான் ஒரு நாளும் வெறுத்ததில்லை அக்கா. நம் இரண்டு பேரையும்விட அவர்தான் அதிகம் பயந்திருந்தார்.

'எனக்கு' என்று நான் ஒரு சொல் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வழி தெரியாது ஐயா, நான் எல்கடுவத் தோட்டத்தில் பிறந்தவள், விறகுக்குப் போனால் நாங்கள் இப்படித்தான் கட்டுவோம், திரும்பும்போது அவிழ்ப்போம் என்று. என் சிங்களத்துக்கு அது ஒரு வேலையே இல்லை. அவர் நம்பியிருக்கலாம். நம்பாமலும் இருந்திருக்கலாம்.

அவர் உங்கள் கையிலிருந்த பொதியைப் பார்த்தார். கிழிந்த ஓரத்தில் தன் கையிலிருந்த துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. உங்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயா கட்டினது?" என்று கேட்டார்.

அக்கா, இந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருஷமாக மாற்றி மாற்றிச் சொல்லி வந்தேன். எனக்கே மாற்றிச் சொன்னேன். நீங்கள் முந்திக்கொண்டு பழியை ஏற்றீர்கள், என்னைப் பேச விடாமல் செய்தீர்கள், நான் என்ன செய்வேன் என்று. அது பொய். நடந்தது இதுதான். அவர் கேட்ட அடுத்த நொடி நான் சொன்னேன்: "மம நெமெயி." நான் இல்லை. தெளிவான, தப்பில்லாத சிங்களம். ஒரு ஆமிக்காரனைக் காலையில் சிரிக்க வைத்த அதே சிங்களம்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் பேசினீர்கள். என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள் மூன்று சொல் சிங்களத்தில், "மம பெந்தா. மம டீச்சர். கஸ், கஸ்" என்று மரங்களைக் காட்டினீர்கள். நான் கட்டினேன், நான் டீச்சர், மரம், மரம். பிள்ளைகளுக்குப் பாடம் படிப்பிக்க மரங்களுக்கு அடையாளம் வைத்தேன் என்று சொல்லப் பார்த்தீர்கள். என்னைக் காப்பாற்றவா, இரண்டு பேரும் தப்பிக்க வழி தேடியா? கொப்பியை எடுத்துக் காட்டினீர்கள். அதில் தடம், பிரிகிற இடம், குளம், எத்தனை அடி எல்லாம் கோடு போட்டு இருந்தது. எழுத்து முழுக்கத் தமிழ்.

கொப்பியைப் பார்த்ததும் கோடாலிக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

நீங்கள் என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "ராணி, நான் சொன்னதை விளங்கப்படுத்தும். மரம், பாடம் எண்டு சொல்லும். என்ர பாஷை அவைக்கு விளங்கேல்லை."

நான் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் இரண்டாம் முறையும் கேட்டீர்கள். "ராணி, சொல்லுமன்."

பயந்துபோயிருந்தேன் என்பது உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை. வாய் திறந்தால் நான் உங்களோடு சேர்ந்துவிடுவேன், திறக்காவிட்டால் தனியாக நிற்கலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஓடியது. நீங்கள் மூன்றாம் முறை கேட்கவில்லை.

நம்மைக் குளக்கட்டு மரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். சுனேத்திரா மிஸ் அப்பாவோடு ஓடி வந்தார். அவர்களை வேறு காவல்காரர்கள் வழியில் மறித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்களாம், அதனால்தான் குளக்கட்டில் ஆள் இல்லை. அந்தப் பெரியவர் துவக்குக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் எங்கள் விருந்தாளி, என் வீட்டில் இலை போட்டு வைத்திருக்கிறது என்று மன்றாடினார். "விருந்தாளி வழியில துணி கட்டிக்கிட்டா வருவாங்க?" என்று துவக்குக்காரர் திருப்பிக் கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. என் அட்டையில் மாத்தளை. உங்களுடையதில் யாழ்ப்பாணம். கட்டியது நீங்கள் என்று நீங்களே சொல்லியாகிவிட்டது. என்னை விட்டார்கள். நீங்கள் ஜீப்பில் ஏறும்போது செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள மறந்துபோனீர்கள்.

நான் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். சுனேத்திரா மிஸ் ரோடு வரைக்கும் கூட்டி வந்து விட்டார். மரங்களில் ஒரு துண்டுகூட மிச்சம் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில், நீங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு அம்மா மரக்கறிக் கூடையை வைத்தார். நான் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தேன்.

*

ஒன்பது மாதம். ஒரு முறைகூட வழக்குப் போடவில்லை, விசாரிக்கிறோம் என்றே போனது. மாதம் ஒரு தடவை கண்டியில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்தேன். முதல் தடவை, "அக்கா, நான் போய் உண்மையச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தேன். நீங்கள் என்னை முடிக்க விடவில்லை. "பத்தாம் வகுப்புக்கு ஆர் விஞ்ஞானம் எடுக்கினம்? ஒளித்தொகுப்பு முடிஞ்சுதோ?" என்று கேட்டீர்கள். நீங்கள் தடுத்தீர்கள் என்பதை நான் பெரிய ஆறுதலாகப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டும் என்று நிஜமாக நினைத்தவள் பொலிஸுக்குப் போயிருப்பாள். கம்பி வலைக்கு வந்து உங்களிடம் அனுமதி கேட்டிருக்க மாட்டாள்.

வக்கீல், இப்போது இன்னொருத்தி போய் நான்தான் கட்டினேன் என்றால் இரண்டு பேரும் உள்ளே இருப்பீர்கள் என்றார். அது நியாயமாகவே இருந்தது. அந்த நியாயத்துக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன்.

நீங்கள் வெளியே வந்தீர்கள். அதே அறைக்குத்தான் வந்தீர்கள். கொழும்பில் பேசி முடித்திருந்த கலியாணம் அதற்குள் நின்றுபோயிருந்தது. பொலிஸ் பிரச்சினை இருக்கிற பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீங்கள் அந்தக் கடிதத்தை வாசித்து மடித்து வைத்துவிட்டு, "சரி, ஒருத்தருக்குச் சமைக்கிற வேலை மிச்சம்" என்றீர்கள். நான் குசினிக்குள் போய் அழுதேன். பிறகு நான் கலியாணம் முடித்து இரண்டு தெரு தள்ளிப் போனேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து சாப்பிட்டீர்கள். என் பிள்ளைகளுக்கு நீங்கள் பெரியம்மா. அந்தப் பேச்சை மட்டும் நாம் எடுக்கவில்லை.

நடப்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நடை, கோயிலுக்கு நடை, அவ்வளவுதான். மரத்தின் பேர் கேட்டால், தெரியாது என்பீர்கள். எல்லாம் தெரிந்த நீங்கள் தெரியாது என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் உங்களுக்குச் சோறு போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். குகன் தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தார். நான் உங்கள் காதருகில் குனிந்து, "அக்கா, அன்னைக்கு லக்கலையில..." என்றேன். கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்: "நீர் அதை இன்னும் காவிக்கொண்டு திரியிறீரோ?"

அவ்வளவுதான். அதற்குள் குகன் வந்துவிட்டார்.

அது மன்னிப்பா? அப்படித்தான் எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் என்னை விட்டுவிட்டது உங்களுக்கும் எனக்கும் இடையில் உள்ள விஷயம். உங்கள் தம்பி தன் அக்காவை ஒரு விசரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே, அதை நீங்கள் எப்படி மன்னிக்க முடியும்? அவர் நினைப்பு தப்பு என்று சொல்ல என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

*

இங்கே செய்தி சொல்ல நிறைய இருக்கிறது. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள், ஆனால் பாதை திறப்பதற்குள் போய்விட்டீர்கள். இப்போது யாழ்ப்பாணத்துக்கு பஸ் விடப்போவதாகப் பேச்சு. மலை உச்சி செக்பாயிண்டில் மண்மூட்டை மட்டும் கிடக்கிறதாம், ஆள் இல்லையாம். நேற்று குகன் பேசின பிறகு, சாயங்காலம் சுனேத்திரா மிஸ் வந்திருந்தார். அவர் ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நடக்க வருகிறார்களாம், தொப்பியும் தண்ணிப் போத்தலுமாக. வழி தப்பாமல் இருக்க, கூட்டி வருகிறவர்கள் மரங்களில் மஞ்சள் நாடா கட்டி வைத்திருக்கிறார்களாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அப்போதே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் முதலில் சொன்னது அவரிடம்தான். அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "எங்க அப்பா சாகும் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார், அந்த மிஸ் ஏன் கட்டினாங்கன்னு" என்றார். எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வருவாரா என்று தெரியவில்லை.

குகனிடம் மூன்றாம் பக்கத்துப் பந்தியை எடுத்துவிடச் சொல்லி இன்று காலை பேசினேன். ஏன் என்று கேட்டார். எழுத்தில் வரும் என்றேன். இந்தக் கடிதத்தை இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். அவர் அச்சில் போடாமலும் விடலாம். அதனால் இன்னொரு பிரதி எழுதிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் கொழும்புக்கு வருவேன் அக்கா. உங்கள் படத்துக்கு முன்னால், உங்கள் ஊர் ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று, துணி கட்டியது நான், கேட்டபோது இல்லை என்றது நான், நீங்கள் இரண்டு முறை கேட்டும் உங்களுக்காகப் பேசாமல் இருந்தது நான் என்று சொல்வேன். தமிழில் ஒரு தடவை, சுனேத்திரா மிஸ் வந்திருந்தால் அவருக்காகச் சிங்களத்தில் ஒரு தடவை. என் வாய்க்குள் நீங்கள் வைத்துவிட்டுப் போன நாக்கு, இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும். அதற்குப் பிறகு என்னைச் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். போகச் சொன்னால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, மாத்தளை ரயிலைப் பிடிப்பேன்.

கடைசிப் பக்கத்தில் இருக்கும் என் பெயரை நானே பேனாவால் அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை. அந்த ஒன்றை மட்டும் உங்கள் தம்பியிடம் விட்டுவிடுகிறேன்.

குகன் அடித்துவிடாத வரைக்கும்
உங்கள் தங்கச்சி,
ராணி